மடு திறக்கும் ஏச்சு

"இந்த வருஷம் மேல்கரைக்கு வாய் நீதான்."

பஸ் படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டே கண்டக்டர் சொன்னார்; சொன்ன கையோடு விசிலை ஊதிவிட்டார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்த வெண்கலத்துக்கு ஒரு வாய் டீசல் புகைதான் கிடைத்தது.

"நானா?" என்றாள், போய்விட்ட பஸ்ஸைப் பார்த்து.

"பின்னே, நானா?" என்றாள் பக்கத்தில் நின்ற காய்கறிக்காரி. "அந்தக் கரையில பொறந்தே, இந்தக் கரையில வாழ வந்தே. இப்ப புள்ளையும் ஆச்சு. தொண்டையைப் பத்திக் கேக்கவே வேணாம். இதுக்கு மேல என்ன வேணும்? போ, போய் வெந்நீர் குடி."

வெண்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. தொட்டிலில் அழும்போதே பாத்திரக் கடையில் அண்டா உருண்டதுபோல இருந்ததாம். அண்ணன் அப்படிக் கூப்பிட்டான், ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கும் அதே தொண்டை.

காட்டை ஒட்டி ஓடும் அந்த ஆற்றின் இரு கரையிலும் இருப்பது ஒரே குடி. மேல்கரை, கீழ்கரை என்று இரண்டு பங்கு. ஒரே கரைக்குள் கல்யாணம் கிடையாது. ஆகவே எந்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தாலும் எதிர்க்கரைப் பெண்ணின் கைதான் அதில் இருக்கும். ரோடு வந்தது, பஸ் வந்தது, ஆளுக்கொரு போன் வந்தது. மடு மட்டும் இன்னும் பழைய சட்டத்தில்தான்.

ஆறு வளைகிற இடத்தில் உள்ள ஆழம்தான் மடு. பருவம் வந்தால் தாய்மீன்கள் சினையோடு அங்கே வந்து ஒதுங்கும். அன்றைக்குக் கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்து குறுக்கே கயிறு கட்டுவார். மடுக்காவல் அவர் குடும்பத்து வேலை, பஸ் பிழைப்புக்கு. வீட்டுக்கு ஒரு பழந்துணி அந்தக் கயிற்றில் தொங்கும். துணி தொங்குகிற வரைக்கும் மடு பிள்ளைத்தாய்ச்சி. வலை கூடாது, தூண்டில் கூடாது, துவைக்கக் கூடாது, பக்கத்தில் நின்று உரக்கப் பேசவும் கூடாது. குழந்தைகள்கூட அந்த வளைவு வந்ததும் தானாகவே குசுகுசுவென்று பேசும். மாமியார்களே குரலைத் தாழ்த்துகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்பார்கள்.

குஞ்சுகள் பொரிந்து ஓரத்துக்கு வந்த பிறகு மடு திறக்கும். திறக்கிற சாவிக்குப் பேர் ஏச்சு. இரண்டு கரையும் எதிரெதிரே மணலில் நிற்கும். கரைக்கு ஒரு வாய். அந்த வாய் எதிர்க்கரையில் பிறந்து இந்தக் கரைக்கு வாழ வந்த பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் எதிராளியின் கரையைத் திட்ட வேண்டும், ஊர் கேட்க. மரியாதை அன்றைக்குக் கிடையாது. மூடியிருந்த காலத்தில் அந்தக் கரை மடுவுக்குச் செய்த தப்பு ஒவ்வொன்றும் அந்தத் திட்டோடு திட்டாக வெளியே வந்துவிடும். சத்தம் போட்டவன், துவைத்தவள் என்றால் ஊர் சிரிக்கும், அத்தோடு சரி. வலை போட்டான் என்று தெரிந்தால் மட்டும் அந்த வீட்டுத் துணி கயிற்றிலிருந்து இறங்காது. அடுத்த மூடல் வரை அவர்களுக்கு மடு இல்லை; கரையில் உட்கார வேண்டியதுதான். தெரிந்தே தின்றவர்களுக்கும் அதே தீர்ப்பு.

இதில் இரண்டு முடிச்சு உண்டு. தன் கரைக் குற்றத்தைத் தன் வாயால் சொல்லக் கூடாது. அது பெருமையடிப்பதாகப் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். இன்னொன்று, வலைக் குற்றத்தில் எந்த வீட்டைச் சொன்னாளோ அந்த வீட்டுக்கு அந்தப் பருவம் முழுக்கச் சொன்னவளே தன் அடுப்பிலிருந்து சோறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதனால் வாய்க்கு வந்தபடி யார் பேரையும் எவளும் இழுப்பதில்லை. கடைசியில் இரண்டு வாய்களும் மடுத்தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி, "என் வாயில் மிச்சம் இல்லை" என்பார்கள். அதற்குப் பிறகு சொல்லாமல் விட்டது எதுவோ, அதை ஜென்மத்துக்கும் பேசக் கூடாது.

வெண்கலத்தின் வாயில் ஒன்று இருந்தது.

*

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொங்குபாலத்தைத் தாண்டிக் கீழ்கரைக்குப் போனாள். அண்ணனின் தோணிப் பட்டறை ரோட்டோரத்தில் இருந்தது. தகரக் கூரை, மூலையில் தோணிக்குப் பூசக் கீல் காய்ச்சுகிற டப்பா, கால் வைத்த இடமெல்லாம் மரச் சீவல். நடுவில் இரண்டு கட்டைகளின் மேல் புதுத்தோணி கவிழ்ந்து படுத்திருந்தது. அந்த ஒரு மரத்துக்காக அண்ணன் வருஷக்கணக்கில் காத்திருந்தான். இரண்டு கரையும் கூடி, இன்ன மரம் இன்னாருக்கு என்று சொன்னால்தான் கோடாலி வைக்கலாம். வெட்டின இடத்தில் கன்று நட்டு, அது வேர் பிடித்ததைக் காட்டின பிறகுதான் மரத்தை வீட்டுக்கு இழுக்கலாம். இவ்வளவும் செய்து இழைத்த தோணி, மடு திறக்கிற அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக் காத்திருந்தது. புதுத்தோணி அன்றைக்கு மட்டும்தான் இறங்கும்.

"வாம்மா மேல்கரை வாய்!" என்றான் அண்ணன். "ஊரே உன் பேச்சுதான். நீ ஒரு சத்தம் போட்டா மீனெல்லாம் பயந்து தானா கரையேறிடும். வலைக்கே வேலையில்ல."

"கிண்டல் பண்ணாதேண்ணே. எதிர்ல நிக்கறது அண்ணி."

"அவளா? அவ என்னையே தினமும் ஒத்திகை பார்க்கறா. நீ தப்பிச்சே."

அண்ணி, வெண்கலத்தின் கணவனுக்குக் கூடப்பிறந்த அக்கா. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். ஒருத்திக்கு ஒருத்தி அண்ணியும் நாத்தனாரும். யார் யாருக்கு அடங்க வேண்டும் என்று இன்னும் தீராத வழக்கு அது. கீழ்கரைக்கு அண்ணிதான் வாய். அவள் எதிரே நின்று அழாமல் திரும்பினவர்கள் குறைவு.

அண்ணன் தோணியின் வயிற்றில் விரலால் தட்டினான். "கேளு. எப்படி இருக்கு? உன் தொண்டை மாதிரியே இல்ல?"

அவள் தட்டவில்லை. "அண்ணே, அந்த மீன்ல சினை இருந்துச்சு."

"எந்த மீன்ல?"

"புள்ளை பெத்துப் படுத்திருந்தப்ப சாறு வெச்சுக் கொடுத்தீங்களே, அதுல."

"அது சந்தையில வாங்கினது."

"சந்தை மீன் ஐஸ்ல கெடந்து கண்ணு வெளுத்துப்போயிருக்கும். இது கண்ணு முழிச்சுப் பார்த்துச்சு. கடிச்சதும் பல்லுல சினை. கயிறு கட்டின காலத்துல சினைமீன் வேற எங்கண்ணே கெடைக்கும்?"

அண்ணன் இழைப்புளியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "நீ ஒரு பருக்கை உள்ள இறக்கல. பாலு இல்லாம புள்ளை கத்துது. உன் அண்ணி சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுறா. நான் என்ன பண்ணுவேன்? மடுவும் புள்ளைத்தாய்ச்சி, நீயும் பெத்தவ. ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுத்தாள்னு நெனைச்சுக்கிட்டேன்."

"ஒரு மீனுதானே?"

"ஒரு வீச்சு."

"அண்ணே..."

"வலைக்கு ஒண்ணு ரெண்டு தெரியுமா? மடு வாசல்ல போட்டுட்டேன். விடியல, அவசரம். மொத்தக் கூட்டமும் உள்ள வந்துடுச்சு. அதுக்குள்ள வலை போய் வேர்ல மாட்டிக்கிச்சு. அறுத்து விடறதுக்குள்ள பாதிக்கு மேல..." அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். "பட்டறைக்குப் பின்னால புதைச்சேன். உனக்கு ரெண்டு எடுத்துட்டு வந்தேன்."

குழந்தை ஒரு மரச்சீவலைப் பிடித்து வாயில் வைத்தது. அண்ணன் ஓடிவந்து அதைப் பிடுங்கி, "இதைத் தின்னா மரமண்டை ஆயிடுவேடா, மாமன் மாதிரி" என்றான். சொல்லாதே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவளுக்குச் சண்டை போடத் தோன்றியிருக்கும். தோணிமேல் விழுந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றான்.

*

வீட்டில் கணவன் ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி வலை பின்னிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் வலைக்குள்தான் வைத்துப் பின்னுவான். அன்றைக்கு என்னவோ தானாகப் பேசினான்.

"குஞ்சு கம்மியா இருக்கு."

"என்னங்க?"

"ஓரத்துல பார்த்துட்டு வந்தேன். போன தடவை கால் வெச்சா காலைச் சுத்தும். இப்ப தேட வேண்டியிருக்கு. எவனோ வாசல்ல கை வெச்சிருக்கான்."

அவள் உலையில் அரிசியைப் போட்டாள். "யாருன்னு நெனைக்கிறீங்க?"

"கீழ்கரையில அந்தக் கோழிக்கடைக்காரன்தான். புதுசா ஐஸ் பெட்டி வாங்கியிருக்கான். கோழிக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பெட்டி? நம்ம கரை முழுக்க அதான் பேச்சு. நீ கேட்டுடு. உன் வாய் எதுக்கு இருக்கு?"

"பார்க்காததை எப்படிங்க சொல்றது? சொன்னா பருவம் பூரா நாமதான் அவங்களுக்குச் சோறு தூக்கணும்."

"சோறு போனாப் போகுது. ஆனா சொல்லாம விட்டா, பக்கத்து வீட்டுக்காரன் வலையைப் பார்த்தாக்கூட சந்தேகம் வரும். அவன் எடுத்திருக்கான், நான் மட்டும் ஏன் சும்மா இருக்கணும்னு அடுத்த வருஷம் ஊரே கை வெக்கும். அப்புறம் கயிறு எதுக்கு? துணி காயப்போடவா?"

அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. சிரித்திருப்பாள், வேறு நாளாக இருந்தால்.

அரிசி கொதித்தது. அவளுக்கு அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்தது. முதல் வாயில் சினை பட்டதும் அவள் கை நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். பசியா, பயமா, குழந்தையின் அழுகையா, என்னவென்று சொல்ல. வெண்கலம் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுத்தான் கீழே வைத்தாள். தெரிந்தே தின்றாள். அண்ணனைச் சொன்னால் அண்ணி அதைச் சொல்லியாக வேண்டும். பாவம், ஒன்றும் அறியாத இந்த மனுஷனின் வலையும் ஆணியில் தொங்கும். அண்ணனின் தோணியோ கட்டையில் கவிழ்ந்தே கிடக்கும்.

சொல்லாவிட்டால்? இரண்டு வீடும் பிழைக்கும். கோழிக்கடைக்காரன் முகத்தைத்தான் யாரும் பார்க்க மாட்டார்கள்.

*

ஏச்சு அன்றைக்கு இரண்டு கரை மணலிலும் கால் வைக்க இடமில்லை. வேன் டிரைவர்கள், டீக்கடைக்காரர், பள்ளிக்கூடத்து ஆயா, கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நடுவே மடு கறுத்துக் கிடந்தது. அதன் குறுக்கே கயிற்றில் வீட்டுக்கு ஒரு பழந்துணி. கீல் கறை படிந்த சட்டை அண்ணன் வீட்டுடையது. பூப்போட்டு வெளுத்த பாவாடை வெண்கலத்தினுடையது. இரண்டுக்கும் நடுவே யாருடையதோ ஒரு தலையணை உறை காற்றில் ஊதிக்கொண்டது. மாதக்கணக்கில் அந்த இடத்தில் யாரும் உரக்கப் பேசியிருக்கவில்லை. இப்போதும், இத்தனை கூட்டத்திலும், தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

கண்டக்டர் பஸ் விசிலை எடுத்து ஊதினார். மடு திடுக்கிட்டதுபோல ஓர் அலை வந்தது.

"ஏண்டி மேல்கரைக்காரி!" அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "உங்க கரை வலையைப் பார்த்தேன். ஓட்டை நிறைய இருக்கு, நடுநடுவுல கொஞ்சம் நூலும் இருக்கு! பின்னினவன் என் கூடப்பொறந்தவனாமே? அவனுக்கு சட்டைப் பொத்தானே நான்தாண்டி போட்டுவிட்டேன்!"

கீழ்கரை கொல்லென்று சிரித்தது. வெண்கலத்தின் கணவன் குனிந்து தன் பொத்தானைப் பார்த்துக்கொண்டான்.

"வலையைப் பத்தி யாருடி பேசறது!" வெண்கலம் தொண்டையைத் திறந்தாள். எதிர்க்கரை மரத்திலிருந்து கொக்கு எழும்பிப் பறந்தது. "உங்க கரைத் தோணி ஆத்துக்குள்ள போகாது, ஆறுதான் தோணிக்குள்ள போகும்! அதுல ஏறினா நீச்சல் தெரியாதவனுக்கும் நீச்சல் வந்துடும்!"

"உங்க கரை ஆம்பளைங்க வலை வீசினா மீனெல்லாம் வரிசையா நின்னு வேடிக்கை பார்க்குதாம்டி!"

"உங்க கரையில சமைச்சா செத்த மீனே எழுந்து ஓடுதாம்டி!"

"சமைக்கறவ உங்க கரையில பொறந்தவடி, வெவரங்கெட்டவளே!"

இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தன. அப்புறம் சிரிப்போடு சிரிப்பாகச் சில்லறைத் தப்புகள் வந்தன. மடு வளைவில் ஹாரன் அடித்த மேல்கரை வேன் டிரைவர் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்வையை நனைத்த கீழ்கரை ஆயா, "ஒரு முனையைத்தாண்டி நனைச்சேன், போர்வை பெரிசுடி" என்று வாதாடிப் பார்த்தாள். கல்யாணப் பேச்சைச் சத்தமாகப் பேசினவர்கள், மடுவோரம் தூங்கிக் குறட்டை விட்டவர், எல்லோர் பேரும் வந்தது. பேர் வந்தவர்கள் முகத்தில் வெட்கமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. சொல்லியாயிற்று, தீர்ந்தது. இனி எவனும் அதை முணுமுணுக்க முடியாது.

மெல்ல மெல்ல ஏச்சு வற்றியது. கண்டக்டர் இரண்டு சொம்புகளில் மடுத்தண்ணீரை மொண்டு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்.

"ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி" என்று பின்னாலிருந்து மேல்கரை ஆட்கள் முணுமுணுத்தார்கள். "கோழிக்கடையைக் கேளு."

எதிரே கோழிக்கடைக்காரன் நின்றான். அவனுக்கும் அந்த முணுமுணுப்பு கேட்டிருக்க வேண்டும். அவன் மனைவி அவன் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்திருந்தாள். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பு கிடையாது. யாரும் கேட்கவே இல்லையே. அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில், புதுத்தோணியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். தோணியைத் தண்ணீரோரம் வரை கொண்டுவந்து வைத்திருந்தான்.

வெண்கலம் சொம்பை உயர்த்தினாள்.

"என்னடி, அவ்ளோதானா?" என்றாள் அண்ணி. "மேல்கரை வாய் இத்தனை சீக்கிரம் மூடுது? பூட்டு வாங்கி வந்தியா?"

"அவ்ளோதான்."

"எங்க கரையில வேற குத்தமே இல்லையா? நல்லாப் பார்த்துச் சொல்லு."

"இல்ல."

"நாங்க அவ்ளோ யோக்கியமாடி? என் வீட்டுலகூடவா?"

வெண்கலத்தின் கை நின்றது. அண்ணி வழக்கமாக முதலில் கொப்பளித்துவிட்டு வெற்றி பெற்றவள்போல் உட்காருகிற ஆள். இன்றைக்குச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்திருந்தாள். தண்ணீர் அலம்பி அவள் மேலேயே தெறித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் வெண்கலத்தின் கையில் இருந்தது, அன்றைக்குக் கிண்ணத்தின் மேல் இருந்த மாதிரியே.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அண்ணிக்குத் தன் கரைக் குற்றத்தைச் சொல்ல வாய் கிடையாது. அவள் வீட்டுப் பாரம் வெண்கலத்தின் நாக்கில் இருக்கிறது. இவள் பாரம் அவள் நாக்கில் இருக்கிறது. எதிராளி சொன்னால்தான் இருவருக்கும் இறங்கும். இத்தனை நேரம் அண்ணி திட்டவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

வெண்கலம் சொம்பைக் கீழே வைத்தாள்.

"இருக்குடி!" என்றாள். குரல் உடைந்தது, வெண்கலம் உடைந்தாலும் சத்தம் வராமலா போகும். "தோணி செய்யற வீட்டுக்காரன், உன் புருஷன், என் கூடப்பொறந்தவன், கயிறு கட்டினப்புறம் மடு வாசல்ல வலை போட்டான்! ஒரு வீச்சு! கூட்டமே செத்துச்சு! பட்டறைக்குப் பின்னால புதைச்சிருக்கான்! கோழிக்கடைக்காரன் ஐஸ் பெட்டியில கோழிதாண்டி இருக்கு!"

கோழிக்கடைக்காரன் மனைவி அவன் சட்டையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தோணியிலிருந்து கையை எடுத்தான்.

அண்ணிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் குரல் ஊசி மாதிரி வந்தது. "அதைத் தின்னது யாருடி? பல்லுல சினை பட்டும் கிண்ணத்தை வழிச்சு நக்கினது யாருடி? மேல்கரையில வலை பின்றவன் பொண்டாட்டி தானடி! என் தம்பி பொண்டாட்டி தானடி!"

"ஆமாண்டி!"

"அப்போ நீயும் உக்காருடி!"

"உக்கார்றேண்டி!"

மேல்கரையில் வலை பின்னுகிறவன் வாயைத் திறந்தபடி நின்றான். யாரோ அவன் தோளைத் தட்டி மணலில் உட்காரவைத்தார்கள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், தலையைச் சொறிந்தார். இப்படி ஒரு சிக்கல் அவர் காவலில் வந்ததில்லை. "மேல்கரை சொல்லிச்சு, கீழ்கரை வீடு உக்காரணும். சரி. கீழ்கரை சொல்லிச்சு, மேல்கரை வீடு உக்காரணும். அதுவும் சரி. சொன்னவ சோறு போடணும்." விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தார். "அப்போ நீ அவங்களுக்குப் போடு. அவங்க உனக்குப் போடட்டும்."

முதலில் சிரித்தது கோழிக்கடைக்காரன்தான். அப்புறம் இரண்டு கரையும் பிடித்துக்கொண்டது.

"எதுக்கு இந்தக் கூத்து?" என்றான் வெண்கலத்தின் கணவன், உட்கார்ந்தபடியே. "அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க தின்னுட்டுப் போனா என்ன?"

"தம்பி," என்று அக்கரையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்படித் தின்னா ரெண்டு வீடும் இனிமே பேசிக்காம இருந்துடும்டா. பேசாம தூக்கிட்டு வரச்சொல்லு. எனக்குக் காரம் கம்மியா."

இந்தச் சட்டத்தை முதன்முதலில் நினைத்தவர் யார் என்று அந்தக் குடியில் யாருக்கும் தெரியாது. நிச்சயமாக யாரோ ஒரு நாத்தனாராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் கொப்பளித்துத் துப்பினார்கள். "என் வாயில் மிச்சம் இல்லை" என்றார்கள். வெண்கலத்துக்கு அது உண்மையாகவே இருந்தது. வீட்டுக்கு வீடு வந்து தங்கள் துணியை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அந்த நீளக் கயிற்றில் கீல் கறைச் சட்டையும் வெளுத்த பாவாடையும் மட்டும் இருந்தன. நடுவில் தலையணை உறை இல்லாததால், காற்றடித்தபோது ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டன.

*

அதிலிருந்து தினமும் தொங்குபாலத்தில் இரண்டு தூக்குப்பாத்திரங்கள் எதிரெதிரே போயின. வெண்கலம் கிழங்கும் பருப்பும் கொண்டுபோனாள். அண்ணி கீரையும் சோறும் கொண்டுவந்தாள். பாலத்து நடுவில் நிற்பார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஒருத்தி சமையலை ஒருத்தி குறை சொல்லுவார்கள். 'நீங்க', 'வாங்க' எல்லாம் திரும்ப வந்துவிட்டது. குறை மட்டும் அப்படியே.

"உங்க தம்பி பேசறாரா அண்ணி?"

"உன் புருஷனைப் பத்தி என்னைக் கேக்கறே?"

"சரி, என் அண்ணன்?"

"தோணி மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டாரு. என்கிட்ட பேசறாரு. உன்னைப் பத்திப் பேசல."

வெண்கலத்தின் கணவனுக்குக் கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வலையில்லாத கையோடு தினமும் ஓரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஊரிலேயே நல்ல வலையும் நல்ல தோணிக்காரனும் இல்லாத மடு அது. வாசல் பக்கம் யாரும் போகவில்லை. ஒருநாள் வந்தவன், "காலைச் சுத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். குஞ்சைப் பற்றித்தான் சொன்னான்.

அண்ணன் மட்டும் பேசவில்லை. அவள் பட்டறைக்குப் போய்ப் பாத்திரத்தை வைப்பாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடையதோ பழைய தோணிக்கு ஒட்டுப்போடுவான். அவள் திரும்பிப் பாலம் வரை போன பிறகுதான் மூடி திறக்கிற சத்தம் கேட்கும். மறுநாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து இருக்கும், தோணி மாதிரியே. உள்ளே ஒரு பருக்கை இருக்காது. அவன் அவளுக்காக ஒரு வீச்சு போட்டவன். அவள் அவனுக்காகத் தினமும் நடந்தாள். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. வாயில் மிச்சம் இல்லை என்று சொல்லியாயிற்றே.

கோடை தொடங்குகிற சமயம். அன்றைக்கு அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். குழந்தை இடுப்பிலிருந்து இறங்கி, சீவலுக்குள் தவழ்ந்து போய் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அண்ணன் உளியைத் தூர வைத்தான். குனிந்து அதைத் தூக்கி, புதுத்தோணியின் தார்ப்பாய் மேல் உட்காரவைத்தான். அது இரண்டு கையாலும் பொத்துப் பொத்தென்று அடித்தது. உள்ளேயிருந்து கணீரென்று வந்தது சத்தம்.

அண்ணன் பாத்திரத்தைத் திறந்தான். அவள் அங்கேயே நிற்கும்போதே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். மென்றான்.

"உப்பு கம்மி" என்றான்.

"கம்மியா?" என்றாள் வெண்கலம், தெரு முழுக்கக் கேட்க. "நாளைக்கு அள்ளிக் கொட்டறேண்ணே!"

"மெல்லப் பேசு. ஊரு கேக்குது."

"கேக்கட்டும்ணே, கயிறு கட்ட இன்னும் நாளிருக்கு!"